பந்தைக் கொடுத்தவன் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் எங்கள் மாவட்டத்துக் கூடைப்பந்தாட்டப் போட்டி ஒன்றின் செய்தியும் கூடவே ஒரு படமும் வந்திருந்தன. பொடியன் ஒருவன் நிலத்தை விட்டு எழும்பி, வலது கையில் பந்தோடு ரிங்கை நோக்கிப் பறக்கிற படம். கீழே ‘மின்னல் வேக வீரர்’ என்று எழுதியிருந்தீர்கள். அவன் கல்லடியில் எங்கள் ஒழுங்கையில்தான் இருக்கிறான். எங்கள் கடப்படியில் நின்று பார்த்தால் அவனுடைய தாய் விடியப்புறம் இடியப்பம் அவிக்கிற குசினிப் புகை தெரியும். அன்று காலை அவள் அந்தப் படத்தை வெட்டிக் கண்ணாடி அலுமாரியில் ஒட்டிவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பந்து உள்ளே போகவில்லை என்பது எனக்குத் தெரியும். இடப்பக்கத்தால் ஏறியவன் இடது கையால் போடத் தெரியாமல் வலது கையால் போட்டான். பின்னால் வந்த எதிரணிப் பொடியன் அதைத் தட்டிவிட்டான். அந்தப் போட்டிக்கு மேசையில் இருந்து புள்ளித்தாள் எழுதியவன் நான்.

எனக்கு வயது 64. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்து ஓய்வுபெற்றவன். எழுபதுகளின் கடைசியில் நகரத்துப் பாடசாலை ஒன்றின் அணியில் பொயின்ட் கார்ட்டாக விளையாடினேன். பந்தை மேலே கொண்டுவந்து, யாருக்கு, எந்த இடத்தில், எந்த நேரத்தில் கொடுப்பது என்று தீர்மானிக்கிறவன்தான் பொயின்ட் கார்ட். வள்ளத்தில் சுக்கான் பிடிக்கிறவன் மாதிரி. என்னுடைய உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். ஓய்வுக்குப் பிறகு மேசை வேலை செய்கிறேன். புள்ளித்தாளில் வராத விஷயங்களை எழுத வேறாக ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் அந்தக் கொப்பியிலிருந்து வருகிறது.

தாயிடமும் மகனிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று தாய் சொன்னாள். பொடியன் சொன்னது இது: “எழுதுங்க மாமா. எனக்கும் ஏன் ஏலாமப் போகுதெண்டு தெரிய வேணும்.”

அவனுக்குக் கடவுள் கொடுத்திருப்பது சாதாரணமான உடம்பல்ல. 17 வயது, 175 சென்ரிமீற்றர் உயரம். ரிங் இருப்பது 3.05 மீற்றர் உயரத்தில். ஒற்றைக் காலில் எழும்பி அதைத் தொடுகிறான். பந்தை எடுத்த அணி 8 செக்கனுக்குள் பாதிக் கோட்டைத் தாண்ட வேண்டும் என்பது விதி. அவனுக்கு மூன்று செக்கன் போதும். நான் விளையாடிய காலத்திலும் அதற்குப் பிறகும் இந்த ஊரில் இப்படி ஓடி எழும்பிய பொயின்ட் கார்ட் ஒருவனை நான் பார்த்ததில்லை. அதனால்தான் நெஞ்சு கிடந்து அடித்துக்கொள்கிறது.

சில மாதங்களுக்கு முன் கொழும்பில் ஒரு போட்டிக்கு அணியோடு போனேன். முதல் கால்பகுதியில் மட்டும் அவன் 9 புள்ளி எடுத்தான். எங்கள் பக்கம் எல்லோரும் எழும்பி நின்று கை தட்டினோம். இடைவேளையில் எதிரணியின் பயிற்றுநர் தன்னுடைய ஆள் ஒருவனைக் கூப்பிட்டுக் கையால் ஏதோ காட்டினார். அந்தப் பொடியன் குள்ளம், பெரிய வேகக்காரனும் இல்லை. திரும்பி வந்தவன் இரண்டே வேலைதான் செய்தான். எங்கள் பொடியனின் வலது தோளுக்கு நேரே அரை எட்டுத் தள்ளி நின்றான். அதோடு, கைக்கெட்டும் தூரத்தில் வந்து காவல் காக்காமல் இரண்டு எட்டுப் பின்னால் நின்றான். வலப்பக்கம் அடைபட்டுவிட்டது, இடப்பக்கம் திறந்து கிடக்கிறது, அவன் போகமாட்டான். எறிய இடம் கிடக்கிறது, அவன் எறியமாட்டான். மீதி மூன்று கால்பகுதியிலும் சேர்த்து 4 புள்ளி. பந்தைப் பறிகொடுத்தது 11 தடவை. ஃபவுலுக்காக எவரும் மறிக்காமல் கோட்டில் நின்று எறியக் கிடைக்கிற ஃப்ரீ த்ரோ 10 கிடைத்தது, உள்ளே போனது 3. என் கொப்பியின் அந்தப் பக்கத்தைத் திரும்பிப் பார்க்கவே எனக்கு மனம் வருவதில்லை.

திரும்பி வரும்போது இரவு ரயிலில் அவன் தூங்கவில்லை. “நான் களைச்சுப் போயிற்றன் மாமா” என்றான். “நீ களைக்கல்ல மனே, உன்னைப் படிச்சிற்றானுகள்” என்று சொன்னேன். விளக்கம் கேட்டான். பொலன்னறுவை தாண்டும்வரை சொல்லிக்கொண்டு வந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் குறைகள் அவனுக்கு மட்டும் உரியவை அல்ல. கல்முனையில், காரைதீவில், செங்கலடியில், எங்கே மேசையில் இருந்தாலும் இதே குறைகளோடு இதே மாதிரிப் பிள்ளைகளைக் காண்கிறேன்.

இடது கையிலிருந்து தொடங்குகிறேன். பன்னிரண்டு வயதில் அவன் சோத்துக்கைப் பக்கத்தால் ஓடினால் பிடிக்க ஆளே இருக்கவில்லை. பிடிக்க ஆளில்லாதவனுக்கு இடது கை எதற்கு? பதின்மூன்றில் வென்றான், பதினைந்தில் வென்றான், எவரும் குறை காணவில்லை. எங்கள் வீடுகளிலும் சின்ன வயதிலிருந்தே இடக்கையால் வாங்காதே, இடக்கையால் கொடுக்காதே என்று சொல்லித்தான் வளர்க்கிறோம். மரியாதைக்கு அது சரி. மைதானத்தில் இடக்கை செத்த கையாக இருந்தால் பாதி மைதானம் இல்லாமல் போகிறது. கோர்ட்டின் அகலம் 15 மீற்றர். வலது கையை மட்டும் நம்புகிறவன் ஏழரை மீற்றரில்தான் விளையாடுகிறான். இப்போது அவனுக்கு நான் சொல்லியிருப்பது, சாப்பாட்டைத் தவிர மற்றதெல்லாம் இடக்கையால் செய். பல் தீட்டு, கிணற்றில் தண்ணி அள்ளு, கடப்பைத் திற. காலையில் வலது கையைக் கழிசானின் பின்பக்கத்துக்குள் செருகிக்கொண்டு, இடக்கையால் மட்டும் முந்நூறு தடவை பந்தைத் தட்டுகிறான், முழங்காலுக்கு மேலே எழும்பாமல்.

அந்த உயரமும் முக்கியம். அவன் ஓடும்போது பந்து நெஞ்சுவரை எழும்பும். பந்து கையை விட்டு நிலத்துக்குப் போய்த் திரும்பி வருகிற நேரம் முழுவதும் அது அவனுடைய பந்து அல்ல, நடுவில் கை வைக்கிறவனுடைய பந்து. தட்டுவதைப் பார்த்துக்கொண்டே தட்டுகிறவன் தலையை நிமிர்த்த மாட்டான். தலை நிமிராதவனுக்குக் கூட்டாளி தெரியாது. நான் முன்னால் நின்று விரல்களைக் காட்டுவேன், அவன் பந்தைத் தட்டிக்கொண்டே எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். முதல் கிழமை ஒரு நாளும் தொடர்ந்து ஐந்து தடவை சரியாகச் சொல்லவில்லை.

அடுத்தது நிற்பது. ஓடத் தெரிந்த அளவுக்கு அவனுக்கு நிற்கத் தெரியாது. ஒரே வேகம், அதுவும் முழு வேகம். உள்ளே நுழைந்து ஆள் குறுக்கே வந்து நின்றுவிட்டால் மோதுகிறான், ஃபவுல் அவனுக்கு. மோதாமல் தப்பினால் பந்தைத் தட்டாமல் ஒரு எட்டுக் கூட வைத்து ட்ராவலிங் என்ற குற்றம். அவனுடைய தகப்பன் வாவியில் வீச்சுவலை வீசுகிறவர். ஒரு நாள் அவனைக் கல்லடிப் பாலத்தடிக்குக் கூட்டிக்கொண்டுபோய், “உன்ர அப்பாவைப் பார்” என்றேன். அவர் தோணியை வலித்துக்கொண்டு வலை வீசுவதில்லை. தோணியை நிறுத்தி, கால் இரண்டையும் ஊன்றி, மீன் கிறுகுகிற திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பார்க்கிறவனுக்கு அவர் ஒன்றும் செய்யாமல் நிற்பதுபோலத் தெரியும். பிறகுதான் இடுப்பு சுழலும், வலை விரியும். இரண்டு காலிலும் ஒன்றாக விழுந்து நிற்பது, ஒரு காலை ஊன்றி மற்றக் காலால் கிறுகுவது, மெதுவாகப் போய்த் திடீரென்று வேகமெடுப்பது, எடுத்த வேகத்தைத் திடீரென்று குறைப்பது, இவ்வளவும் வந்தால் அவனுடைய வேகத்துக்கு இன்னும் பெறுமதி கூடும். எப்போதும் முழு வேகத்தில் வருகிறவனைக் காவல்காரன் எதிர்பார்த்துக்கொண்டே நிற்கிறான்.

எறிதலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பெரியவர்களான எங்கள் பிழை இருக்கிறது. அவன் பந்தை இடுப்பிலிருந்து தூக்கி, முழங்கையை வெளியே விரித்து, இரண்டு உள்ளங்கையாலும் தள்ளுகிறான். இது எங்கிருந்து வந்தது? பத்து வயதில் அவனுக்கு எறியக் கொடுத்தது பெரிய ஆண்கள் விளையாடுகிற 7ஆம் இலக்கப் பந்து, நிறுத்தியிருந்தது 3.05 மீற்றர் ரிங். பத்து வயதுப் பிள்ளையின் மணிக்கட்டுக்கு அந்தப் பாரம் அந்த உயரத்துக்குப் போகாது. ஆகவே இடுப்பிலிருந்து வீசித்தான் எறிய முடியும். உலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்கென்று மினி கூடைப்பந்தாட்டம் இருக்கிறது, ரிங் 2.60 மீற்றரில், பந்து 5ஆம் இலக்கம். அந்த உயரத்தில் பிள்ளை முழங்கையைப் பந்துக்குக் கீழே வைத்து, மணிக்கட்டை மடித்து எறியப் பழகும். எங்கள் ஊரில் ஒரு தச்சனைக் கூப்பிட்டு ஒரு பலகையைத் தாழ்வாக அடிக்கச் சொன்னால் ஒரு நாள் வேலை. நாங்கள் அதைச் செய்யவில்லை. பிள்ளை ஐந்து வருடம் பிழையாக எறிந்து பழகிய பிறகு, உனக்கு எறியத் தெரியாது என்று அவனையே ஏசுகிறோம்.

எறியத் தெரியாததால் பாதிக்கப்படுவது அவன் மட்டுமல்ல, இது பெற்றோர் பலருக்கு விளங்குவதில்லை. வெளியே நின்று போட்டால் மூன்று புள்ளி கிடைக்கிற 6.75 மீற்றர் கோட்டுக்கு அப்பால் அவன் பந்தோடு நின்றால் அவனுடைய காவல்காரன் அவனை விட்டுவிட்டு ரிங்கின் கீழே போய் நிற்கிறான். அங்கே எங்கள் உயரமான பொடியனைச் சுற்றி ஏற்கெனவே ஒருவன், இப்போது இருவர். உள்ளே வெட்டி ஓடுகிற எவனுக்கும் பாதை இல்லை. ஒருவனுடைய எறிதல் இல்லாமல் போனதால் ஐந்து பேரின் ஆட்டம் நின்றுபோகிறது. கொழும்பில் எங்கள் உயரமான பொடியன் அன்று பந்தைத் தொட்டதே குறைவு. தோற்ற பிறகு அவனைத்தான் எல்லோரும் ஏசினார்கள். அவனுக்காகவும் நான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவின் பெரிய லீக்கிலும் இது நடந்திருக்கிறது. பென் சிமன்ஸ் என்பவர் 2016இல் அணிகள் புதிய வீரர்களைத் தெரிவு செய்தபோது முதலாவது ஆளாகத் தெரிவானவர். 2.08 மீற்றர் உயரம், பந்து கொண்டுபோவதில் கெட்டிக்காரர், பாஸ் அபாரம். எறியமாட்டார். 2021இல் கிண்ணத்துக்காகப் பருவகால முடிவில் நடக்கிற பிளேஒஃப் ஆட்டங்களில் 73 ஃப்ரீ த்ரோ எறிந்து 25தான் உள்ளே போட்டார். கடைசி ஆட்டத்தில், நாலாவது கால்பகுதியில் ரிங்குக்குப் பக்கத்தில் நின்றும் தானே போடாமல் கூட்டாளியிடம் கொடுத்தார். ஃபவுல் பண்ணி ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் என்றுதான் அதைப் பார்த்த நான் நினைக்கிறேன். எங்கள் பொடியனின் கண்ணிலும் கொழும்பில் அதே பயத்தைக் கண்டேன். ஆனால் அவனுக்கு நான் அடிக்கடி சொல்வது ஜேசன் கிட்டின் கதை. அவரும் 1994இல் எறியத் தெரியாத பொயின்ட் கார்ட்டாகத்தான் வந்தார். எழும்பிக்கொண்டு எறிகிற ஜம்ப் ஷொட்டை அங்கே ‘ஜே’ என்பார்கள். இவரிடம் அது இல்லை என்று பெயரிலிருந்து அந்த எழுத்தையே எடுத்துவிட்டு ‘ஏசன்’ என்று கூப்பிட்டார்கள். 2013இல் அவர் ஓய்வுபெற்றபோது 1,988 த்ரீ பொயின்ட் போட்டிருந்தார். அன்றைக்கு அந்தக் கணக்கில் அவர் மூன்றாவது இடம். கால் வேகம் குறைந்த வயதில், 38இல், 2011இல், டலஸ் அணியோடு கிண்ணம் வென்றார்.

நாங்கள் ரிங்குக்கு ஒரு எட்டு முன்னாலிருந்து தொடங்கியிருக்கிறோம். அவனுடைய இடது பெருவிரல் பந்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அதனால் பந்து நேரே பின்னோக்கிச் சுழலாமல் சரிந்து சுழல்கிறது. சொன்னால் நம்பமாட்டான் என்று பந்தின் நடுவால் வெண்கட்டியால் ஒரு கோடு சுற்றி வரைந்து கொடுத்தேன். நான் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை அது. எறிந்தபோது கோடு ஆடியதை அவனே பார்த்தான். பெருவிரலை மடித்துக்கொண்டு எறிந்தான், கோடு நேராகப் போனது. “மாமா!” என்று கத்தினான். நாளொன்றுக்கு நூறு எறிதல், எல்லாம் கிட்ட நின்று. பின்னால் போக அவனுக்கு ஆசை. நூற்றுக்கு எண்பது உள்ளே போகும்வரை நான் விடுவதில்லை.

பாஸ் கொடுப்பதில் அவனுக்குக் கண் இருக்கிறது, பொறுமை இல்லை. எழும்பிக்கொண்டு கொடுக்கிறான். கால் நிலத்தில் இல்லாதவனுக்கு மனம் மாற்ற இடமில்லை. கொடுக்க நினைத்த வழி அடைபட்டால் பந்து எதிரியின் கைக்குத்தான். கூட்டாளி வந்து காவல்காரனுக்குக் குறுக்கே ஸ்கிறீன் நிற்க முதலே இவன் ஓடத் தொடங்கிவிடுகிறான். நின்று முடியாத கூட்டாளி அவசரத்தில் அசைகிறான், ஃபவுல் கூட்டாளிக்கு. புள்ளித்தாளில் அந்தப் பொடியனின் பெயருக்கு நேரேதான் நான் எழுத வேண்டியிருக்கிறது. அவன் நின்று முடியும்வரை காத்திருந்து, தோளோடு தோள் உரசிக்கொண்டு கடந்து, இரண்டு காவல்காரரும் தன்மேல் வரும் அந்த ஒரு நொடியில் நிலத்தில் குத்தி பாஸ் கொடுக்க வேண்டும். இதற்கு வேகம் தேவையே இல்லை. என்னால் 64 வயதிலும் நடந்தே செய்து காட்ட முடிகிறது.

காவலில் அவன் நிமிர்ந்து நிற்கிறான், பந்தைத் தட்டப் பாய்ந்து ஃபவுல் வாங்குகிறான். இடுப்பைத் தாழ்த்தினால் சரிவரும். அது பெரிய நோயல்ல.

நேரம்தான் பெரிய விஷயம். ஓர் அணி பந்தை எடுத்தால் 24 செக்கனுக்குள் எறிய வேண்டும். எங்கள் பிள்ளைகள் பழகுகிற இடங்கள் பலவற்றில் அந்த மணிக்கூடு இல்லை. கொழும்பில் பலகைக்கு மேலே சிவப்பு எழுத்து ஓடுவதைக் கண்டு எங்கள் பொடியன்கள் பதறிப்போனார்கள். 15 செக்கன் மிச்சமிருக்கும்போதே எறிந்தார்கள். வேறு சில நேரம் மணி அடித்த பிறகும் பந்தைக் கையில் வைத்திருந்தார்கள். அதே ஆட்டத்தில் மூன்றாவது கால்பகுதி பாதியிலேயே எதிரணிக்கு நாலு ஃபவுல் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு காவல் ஃபவுலுக்கும் இரண்டு ஃப்ரீ த்ரோ. உள்ளே போய்க் கோட்டுக்குப் போக வேண்டிய நேரம் அது. எங்கள் பொடியன் அதைக் கவனிக்கவே இல்லை, கூட்டாளிகளிடம் சொல்லவும் இல்லை. ஆட்டத்தில் அவன் வாயே திறப்பதில்லை. வெட்கம். சுக்கான் பிடிக்கிறவன் கத்த வேண்டும். இப்போது பயிற்சியில் 24இலிருந்து நான் சத்தமாகக் கீழே எண்ணுகிறேன். மணிக்கூடு வாங்கக் காசில்லாத ஊரில் எண்ணத் தெரிந்த ஒரு மனிசன் போதும்.

உடற்கல்வி ஆசிரியர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஒரே ஆசிரியர் எல்லேயும் பார்க்கிறார், வலைப்பந்தும் பார்க்கிறார், மெய்வல்லுநர் போட்டியும் பார்க்கிறார். கார்த்திகை, மார்கழி மழையில் திறந்த சீமெந்துத் தரையில் பந்து தட்ட முடியாது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பின்னேரம் நாலு மணிக்கும் தரை கொதிக்கும். ஆனால் அணிக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்கிற விதம் மாற வேண்டும். யார் வேகமாக ஓடுகிறான், யார் உயர எழும்புகிறான் என்று பார்த்து எடுத்து, அவனுடைய கையில் பந்தைக் கொடுத்துவிட்டு, வெல்லு என்கிறோம். அந்த வயதுக்கு அவன் வெல்கிறான். அந்த வெற்றியில் அவனுக்குப் பழக்க வேண்டியதெல்லாம் பழகாமல் போகிறது.

எங்களுக்கு ஒரு பரம்பரை இருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைக் குருமார் இந்த மண்ணில் கூடைப்பந்தை வளர்த்தார்கள். வெபர் அடிகளாரின் பெயர்தான் இன்றைக்கும் எங்கள் மைதானத்துக்கு. திருகோணமலையில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய யூஜின் ஹெபர்ட் அடிகளார், 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வருகிற வழியில் காணாமற்போனார். கூடப் போன பொடியனும் திரும்பி வரவில்லை. அந்த வருடங்களில் பயிற்றுநர்களாக வந்திருக்க வேண்டிய எங்கள் கூட்டாளிகள் பலர் கனடாவுக்கும் லண்டனுக்கும் சுவிஸுக்கும் போனார்கள். சிலர் எங்கேயும் போகாமலே இல்லாமல் போனார்கள். பழகியவன் அடுத்தவனுக்குப் பழக்குகிற கயிறு அங்கே அறுந்தது.

எனக்குப் பழக்கிய ஆசிரியரை நினைக்கிறேன். 1978 நவம்பர் 23 சூறாவளியில் எங்கள் கோர்ட்டின் இரண்டு பலகையும் விழுந்தன. வீடுகளே கூரையில்லாமல் கிடந்த நேரம், யார் ரிங் கட்டித் தரப்போகிறார்? மாதக்கணக்கில் ரிங் இல்லை. நாங்கள் இனி விளையாட்டில்லை என்று இருந்தோம். அவர் வரச் சொன்னார். இடக்கையால் தட்டு, நில், கிறுகு, பாஸ் கொடு. விழுந்த தென்னைகளுக்கு நடுவில் இவ்வளவுதான். எறிய எதுவும் இல்லாததால் கொடுக்கப் பழகினோம். அடுத்த வருடம் ரிங் வந்தபோது எங்களில் எவனும் வேகக்காரன் இல்லை, ஆனால் பந்து எங்களிடமிருந்து இலேசில் போகாது. அந்த மனிசன் இப்போது இல்லை. அவர் தந்ததைக் கொடுக்க எனக்கு இந்த ஒரு பொடியன் கிடைத்திருக்கிறான். காலை ஐந்தரைக்குத் தாயின் இடியப்பத்தைக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஆறு மணிக்கு வந்து நிற்கிறான்.

போன சனிக்கிழமை நட்புமுறை ஆட்டமொன்றில் இடப்பக்கத்தால் போய், இரண்டு காலில் நின்று, காவல்காரன் தாண்டிப் போக விட்டு, இடது கையால் போட்டான். பந்து ரிங்கில் பட்டு வெளியே வந்தது. எவரும் கை தட்டவில்லை. நான் கொப்பியில் அதை எழுதிப் பக்கத்தில் திகதி போட்டேன்.

இனி உங்களிடம் என் வேண்டுகோள். உங்கள் செய்தியில் எப்போதும் யார் எத்தனை புள்ளி என்று மட்டும் வருகிறது. எங்கள் பிள்ளைகள் அதை வெட்டி வைத்து மனப்பாடம் செய்கிறார்கள். எதை நீங்கள் அச்சிடுகிறீர்களோ அதற்குத்தான் அவர்கள் ஓடுகிறார்கள். ஜோன் ஸ்டொக்டன் என்ற பொயின்ட் கார்ட் 19 பருவகாலம் யூட்டா அணிக்கு விளையாடி 15,806 அசிஸ்ட், அதாவது கூட்டாளி புள்ளி போட வழிசெய்த பாஸ், கொடுத்தார். இன்றுவரை அதை எவரும் தாண்டவில்லை. ஒவ்வொரு இரவும் மேசையில் இருந்த ஒருவர், போட்டவனின் பெயரோடு கொடுத்தவனின் பெயரையும் எழுதினார்; அதனால்தான் அது எங்களுக்குத் தெரியும். நீங்களும் புள்ளிக்குப் பக்கத்தில் மூன்று எண்களைப் போடுங்கள்: எத்தனை அசிஸ்ட், எத்தனை தடவை பந்தைப் பறிகொடுத்தான், எத்தனை ஃப்ரீ த்ரோவில் எத்தனை உள்ளே. இரண்டு வரிக்கு மேல் இடம் பிடிக்காது. முடிந்தால் ஒரு தடவையாவது பாஸ் கொடுக்கிற பிள்ளையின் படத்தைப் போடுங்கள். இரண்டு காலும் நிலத்தில் இருக்கிற படம். அதையும் ஒரு தாய் வெட்டி அலுமாரியில் ஒட்டுவாள்.

அடுத்த மாதம் மாவட்டப் போட்டிகள் தொடங்குகின்றன. கணக்கெடுக்க ஆளில்லை என்று உங்கள் நிருபர் கவலைப்பட வேண்டாம். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்தவுடன் புள்ளித்தாளோடு என் கொப்பிப் பக்கத்தையும் பிரதியெடுத்து அன்றிரவே அவரிடம் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
பழைய பொயின்ட் கார்ட் ஒருவன்,
கல்லடி, மட்டக்களப்பு.